எந்தக் கணக்கில் முதலிடம்?

ஆண்டுவாரியாகப் பழைய ஆங்கிலப் பாடல்களைத் தொகுத்து வழங்கும் நண்பர்களுக்கு,

பண்பலை வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், யூடியூபில் ‘தொண்ணூறுகளின் ஹிட்ஸ்’ என்று வரிசை கட்டுகிறவர்கள், திருமண வரவேற்பில் பாட்டுப் போடும் டிஜேக்கள், கல்லூரி வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கிறவர்கள் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் மீது எனக்கு ஒரு குறை இருக்கிறது. உங்கள் வேலையை மதிக்காமல் இருந்திருந்தால் அதைச் சொல்லாமலே கடந்துபோயிருப்பேன். ஓர் ஆண்டு எப்படி ஒலித்தது என்று அப்போது பிறந்தே இராதவர்களுக்கு இன்று சொல்லிக்கொடுப்பது நீங்கள்தான். பாடப்புத்தகம் அதைச் செய்வதில்லை, செய்தித்தாளும் செய்வதில்லை. ஆகவே நீங்கள் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

1997ஐயே எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு மிகவும் பிடித்த ஆண்டு அது. ‘இந்த ஆண்டு உலகம் பாடிய பாடல்கள்’ என்று ஆரம்பித்து, நீங்கள் வரிசையாகப் போடுவது பில்போர்ட் பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலில் அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்த பத்துப் பாடல்களை. டோனி பிராக்ஸ்டனின் ‘அன்பிரேக் மை ஹார்ட்’, ஸ்பைஸ் கேர்ள்ஸின் ‘வானபி’, பஃப் டாடியும் மேஸும் பாடிய ‘கான்ட் நோபடி ஹோல்ட் மீ டவுன்’, நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘ஹிப்னடைஸ்’, ஹான்சன் சகோதரர்களின் ‘ம்ம்ம்பாப்’, 11 வாரம் அசையாமல் இருந்த ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’, மறுபடியும் பி.ஐ.ஜி.யின் ‘மோ மனி மோ பிராப்ளம்ஸ்’, மரையா கேரியின் ‘ஹனி’, பாய்ஸ் டு மென் குழுவின் ‘ஃபோர் சீசன்ஸ் ஆஃப் லோன்லினஸ்’, கடைசியாக எல்டன் ஜானின் ‘கேண்டில் இன் தி விண்ட் 1997’. பட்டியலில் பிழையில்லை. அதை வைத்து நீங்கள் சொல்லும் முடிவில்தான் பிழை இருக்கிறது.

‘டோன்ட் ஸ்பீக்’ எங்கே? நோ டவுட் குழுவின் அந்தப் பாட்டு 1996 டிசம்பரில் தொடங்கி 16 வாரம் பில்போர்ட்டின் வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதாவது, நீங்கள் 1997 என்று கொண்டாடும் ஆண்டின் முதல் இரண்டரை மாதம் அமெரிக்க வானொலியில் அதற்கு மேல் எந்தப் பாட்டும் இல்லை. ஆனால் அதே வாரங்களின் ஹாட் 100ஐப் புரட்டுங்கள்: நூறாவது இடத்தில்கூட அதன் பெயர் கிடையாது. வில் ஸ்மித்தின் ‘மென் இன் பிளாக்’ எங்கே? அதுவும் அந்த ஆண்டு வானொலியில் முதலிடத்தைத் தொட்டது. ஹாட் 100இல் சுவடே இல்லை. சுகர் ரே குழுவின் ‘ஃப்ளை’ பாட்டுக்கும் அதே கதி. நம் ஊரில் கேபிள் இணைப்பு வைத்திருந்த வீடுகளில் எம்டிவியும் சேனல் வியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் ‘ஆஸ் லாங் ஆஸ் யூ லவ் மீ’ மனப்பாடமாகத் தெரியும். அந்தப் பாட்டும் ஹாட் 100இல் ஒரு வாரம்கூட இடம்பெற்றதில்லை.

இவையெல்லாம் தோற்ற பாடல்கள் அல்ல. போட்டிக்கே அனுப்பப்படாதவை. அப்போதைய விதி எளிது: ஒரு பாட்டு ஹாட் 100இல் இடம்பெற வேண்டுமானால், அது தனிப்பாட்டாக, அதாவது ‘சிங்கிள்’ கேசட்டாகவோ குறுந்தகடாகவோ கடையில் விற்பனைக்கு வந்திருக்க வேண்டும். வானொலியில் லட்சம் முறை ஒலித்தாலும், கடையில் சிங்கிள் இல்லாவிட்டால் கணக்கில் வராது. 1958இல் பட்டியல் தொடங்கியபோது அந்த விதியில் நியாயம் இருந்தது; அன்று மக்கள் பாட்டு வாங்கியதே சிங்கிள் இசைத்தட்டாகத்தான். தொண்ணூறுகளில் நிலைமை மாறிவிட்டது. சிங்கிளின் விலை சில டாலர். பன்னிரண்டு பாட்டு அடங்கிய குறுந்தகடோ அதைப்போலப் பல மடங்கு. எல்லோரும் முணுமுணுக்கும் ஒரே ஒரு பாட்டை மலிவாக விற்றால், அதற்காகவே முழு ஆல்பத்தை வாங்கப்போகிறவர் கைநழுவிப் போவார். எனவே இசை நிறுவனங்கள் சிங்கிளை வெளியிடாமலே விட்டன. ‘டோன்ட் ஸ்பீக்’ வேண்டும் என்றால் ‘டிராஜிக் கிங்டம்’ ஆல்பத்தை வாங்கு என்பதுதான் கணக்கு. அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கான சான்றிதழைப் பெற்றது. நிறுவனத்தின் கணக்கு பலித்தது. பாட்டு பட்டியலுக்கு வெளியே நின்றது.

இந்த முரண் பில்போர்ட் பத்திரிகைக்குத் தெரியாமல் இல்லை. 1998 டிசம்பரில் விதியை மாற்றியது. கடையில் சிங்கிள் இல்லாவிட்டாலும் வானொலி ஒலிபரப்பை வைத்தே ஒரு பாட்டு ஹாட் 100க்குள் வரலாம் என்றானது. ஆனால் அதற்குள் பல பாடல்களின் காலம் முடிந்துவிட்டது. நாடலி இம்ப்ருக்லியாவின் ‘டோர்ன்’ 1998இல் வானொலிப் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. விதி மாறியபோது அதன் வேகம் அடங்கியிருந்தது. ஹாட் 100இல் அது எட்டிய உயரம் 42. கூ கூ டால்ஸின் ‘ஐரிஸ்’ வானொலியில் 18 வாரம் முதலிடம். ஹாட் 100இல் 9. இந்த 42ஐயும் 9ஐயும் பார்த்துவிட்டு ‘சுமாரான ஹிட்’ என்று நீங்கள் தள்ளிவைக்கிறீர்கள். தாமதமாகத் திறந்த கதவின் அளவை வைத்து உள்ளே வந்தவரின் உயரத்தைச் சொல்வது போலத்தான் இது.

இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமா? ‘டைட்டானிக்’ படத்துக்காக செலின் டியோன் பாடிய ‘மை ஹார்ட் வில் கோ ஆன்’ தெரியாத தமிழர் அபூர்வம். நாதஸ்வரக் கச்சேரியில்கூடக் கேட்டிருப்போம். 1998இல் அது ஹாட் 100இன் முதலிடத்தில் இருந்தது எத்தனை வாரம் தெரியுமா? இரண்டே வாரம். வானொலிப் பட்டியலில் 10 வாரம். சிங்கிளை நிறுவனம் அளவோடுதான் அச்சிட்டது. தீர்ந்ததும் விற்பனைப் புள்ளிகள் நின்றுவிட்டன. ‘இரண்டு வாரம் முதலிடம்’ என்று நீங்கள் வாசிக்கும் வரி, அந்தப் பாட்டை மக்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. எத்தனை பிரதி கடைக்குப் போயிற்று என்பதைச் சொல்கிறது.

பட்டியலுக்குள் வந்த பாடல்களையும் கொஞ்சம் பாருங்கள். 1997இன் பத்தில் மூன்று, அதாவது ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’, ‘ஹனி’, ‘கேண்டில் இன் தி விண்ட் 1997’ ஆகியவை, அறிமுகமான வாரத்திலேயே நேராக முதலிடத்தில் நுழைந்தவை. அந்தப் பட்டியலின் வரலாற்றில் 1995இல் மைக்கேல் ஜாக்சனின் ‘யூ ஆர் நாட் அலோன்’ வரும்வரை எந்தப் பாட்டுக்கும் அது நடந்ததில்லை. திடீரென்று இசை அத்தனை சிறந்துவிட்டதா? பாட்டை முதலில் வானொலிக்குக் கொடுத்து, பல வாரம் கேட்கவைத்து, ஆவல் முற்றிய பிறகு சிங்கிளைக் கடைக்கு அனுப்பினால், காத்திருந்த கூட்டம் முழுவதும் ஒரே வாரத்தில் வாங்கிவிடும். நிறுவனங்கள் பழகிக்கொண்ட உத்தி அது. சிலர் சிங்கிளை மறைத்து லாபம் பார்த்தார்கள். சிலர் நாள் பார்த்து வெளியிட்டு முதலிடம் பார்த்தார்கள். இரண்டுமே வியாபார முடிவுகள். பட்டியல் அவற்றை அப்படியே பதிவுசெய்தது.

எல்டன் ஜானின் பாட்டு முற்றிலும் வேறு வகை. 1997 ஆகஸ்ட் 31இல் பிரிட்டன் இளவரசி டயானா இறந்தார். செப்டம்பர் 6இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் எல்டன் ஜான் அதைப் பாடினார். அன்றைக்கே ஸ்டூடியோவுக்குப் போய், ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் பதிவுசெய்தார். வருமானம் டயானா நினைவு நிதிக்குப் போனது. உலகம் முழுவதும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம். அந்தப் பிரதிகளை வாங்கியவர்கள் வாங்கியது பாட்டை மட்டும்தானா? இறுதி ஊர்வலத்துக்குப் போக முடியாதவர்கள் போட்ட மலர்வளையம் என்றே அதைச் சொல்லலாம். அந்த விற்பனை ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதையும் ‘ம்ம்ம்பாப்’ பாட்டையும் ஒரே மூச்சில் ‘சூப்பர் ஹிட் நம்பர் ஒன்’ என்று அறிவித்துவிட்டு விளம்பரத்துக்குப் போகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

அடுத்து, ‘உலகம்’. ஹாட் 100 அமெரிக்கப் பட்டியல். அந்த ஒரு நாட்டின் கடைகளையும் வானொலிகளையும் மட்டுமே அது எண்ணியது. பிரிட்டனின் பட்டியல் விற்பனையை மட்டும் எண்ணியது. அங்கே ‘டோன்ட் ஸ்பீக்’ சிங்கிளாக வெளிவந்தது. 1997இன் தொடக்கத்தில் 3 வாரம் முதலிடமும் பெற்றது. ‘மென் இன் பிளாக்’ பாட்டுக்கும் அங்கே முதலிடம் கிடைத்தது. பாட்டு ஒன்றுதான், கேட்டவர்களின் ஆசையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கரையில் முதலிடம், மறு கரையில் பெயரே இல்லை. ‘உலகம் பாடியது’ என்று சொல்லும்போது எந்தக் கரையைச் சொல்கிறீர்கள்?

‘ஆண்டு’ என்பதும் நீங்கள் நினைப்பதுபோல் நான்கு சுவர் கொண்ட அறை அல்ல. ‘வானபி’ பிரிட்டனில் 1996 ஜூலையிலேயே முதலிடம் பிடித்து 7 வாரம் இருந்தது. அமெரிக்காவில்தான் அது 1997இன் பாட்டு. ‘அன்பிரேக் மை ஹார்ட்’ முதலிடத்துக்கு வந்தது 1996 டிசம்பரில். எல்டன் ஜான் இறங்கியது 1998 ஜனவரியில். போதாததற்கு, 1997இன் வெற்றிகள் பலவும் பழைய வெற்றிகளின் தோளில் ஏறி நின்றவை. ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’ பாட்டுக்கு அடியில் ஓடுவது, போலீஸ் குழுவுக்காக ஸ்டிங் எழுதி 1983இல் அமெரிக்காவில் 8 வாரம் முதலிடத்தில் இருந்த ‘எவ்ரி பிரெத் யூ டேக்’. ‘மோ மனி மோ பிராப்ளம்ஸ்’ பாட்டின் துள்ளல், நைல் ரோட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் டயானா ராஸுக்காக உருவாக்கிய 1980ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து வந்தது. ‘ஹிப்னடைஸ்’ பாட்டின் அடித்தளம் ஹெர்ப் ஆல்பர்ட்டின் 1979ஆம் ஆண்டு ‘ரைஸ்’. எல்டன் ஜானின் பாட்டோ, 1973இல் மர்லின் மன்றோவை நினைத்து அவரும் பெர்னி டாப்பினும் செய்ததன் மறுபிறவி. ‘ஹிப்னடைஸ்’ முதலிடம் பிடித்தபோது அதைப் பாடியவர் உயிரோடு இல்லை. 1997 மார்ச் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’ அவருக்காகப் பாடப்பட்ட அஞ்சலி. இந்தச் செய்திகளையெல்லாம் விட்டுவிட்டு வெறும் வரிசை எண்ணை மட்டும் சொன்னால், கேட்பவருக்கு 1997இல் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

ஹாட் 100 பொய், வானொலிப் பட்டியல்தான் உண்மை என்று நான் வாதாடுவதாக நினைத்துவிடாதீர்கள். வானொலிப் பட்டியலுக்கும் குருட்டுப் புள்ளி இருந்தது. 1998 டிசம்பரில் விதி மாறியபோதுதான் கன்ட்ரி இசை நிலையங்களும் ஆர் அண்ட் பி நிலையங்களும் அந்தக் கணக்கில் முறையாகச் சேர்க்கப்பட்டன. அதுவரை பாப், ராக் நிலையங்களின் குரலே அதில் ஓங்கி ஒலித்தது. வானொலிக் கணக்கில் ராக் குழுக்கள் மேலே நின்றதற்கு இதில் பங்குண்டு. ஆகவே ஒரு பட்டியலைத் தூக்கியெறிந்துவிட்டு இன்னொன்றைப் பூஜை அறையில் வையுங்கள் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பட்டியலும் எதையோ எண்ணுகிறது, எதையோ எண்ணாமல் விடுகிறது. எதை எண்ணியது என்று சொல்லாமல் ‘முதலிடம்’ என்று மட்டும் சொல்வதே என் குறை.

‘கேட்டு மகிழத்தானே பாட்டு, இதில் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?’ என்பீர்கள். காரணம் இருக்கிறது. நீங்கள் பத்துப் பாட்டைப் போடுகிறீர்கள். கேட்டவர்கள் அந்தப் பத்தையே தேடுகிறார்கள். தேடப்பட்டதால் செயலிகள் அவற்றையே முன்னால் கொண்டுவந்து நிறுத்துகின்றன. முன்னால் நிற்பதால் அடுத்த தொகுப்பாளர் அவற்றையே எடுக்கிறார். பத்தாண்டு இப்படிப் போனால், ஒரு பழைய வியாபார முடிவால் பட்டியலுக்கு வெளியே நின்ற பாட்டு, மக்கள் நினைவுக்கும் வெளியே போய்விடும். ‘டோன்ட் ஸ்பீக்’ போன்ற பெரிய பாட்டு தப்பித்துக்கொள்ளும். அதற்குத் தன் பலம் உண்டு. அதன் அளவுக்குப் பலமில்லாத பாடல்களின் கதி என்ன? அவற்றுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கக்கூடியவர்கள் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

இது அமெரிக்காவின் பழங்கதை மட்டுமல்ல. 2013 பிப்ரவரியில் ஹாட் 100 கணக்கில் யூடியூப் பார்வைகள் சேர்க்கப்பட்டன. சேர்த்த வாரமே ‘ஹார்லெம் ஷேக்’ நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. 2019 செப்டம்பரில், விளம்பரக் காசு கொடுத்து வரவழைத்த பார்வைகளைத் தன் இசைப் பட்டியல்களில் இனி எண்ணப்போவதில்லை என்று யூடியூப் அறிவித்தது. அதற்கு முன்பு அவை எண்ணப்பட்டன என்பதுதானே அதன் பொருள்! தமிழ்ப் பாடல்களுக்கும் இன்று நாம் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் அதே பார்வைக் கணக்குதான். ‘ரவுடி பேபி’ 2020இல் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது. பெரிய விஷயம், கொண்டாடுவோம். ஆனால் அந்த எண்ணைக் காட்டி, டீக்கடைகளிலும் பேருந்துகளிலும் கேசட் தேயத் தேய ஒலித்த எண்பதுகளின் பாட்டைவிட இது பெரிய பாட்டு என்று ஒரு தொகுப்பாளர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? அந்த டீக்கடையில் யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? நம் பாட்டுக்கு எழும் இந்தக் கேள்வியைத்தான் அடுத்தவர் பாட்டுக்கும் கேட்கச் சொல்கிறேன்.

நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ‘இது கடைகளில் அதிகம் விற்ற பாட்டு’, ‘இது வானொலியில் அதிகம் ஒலித்தும் பட்டியலில் வராத பாட்டு’ என்று சொல்ல ஐந்து நொடி போதும். அதற்காக ரசிகர் அலைவரிசையை மாற்றிவிட மாட்டார். 16 வாரம் நாட்டையே ஆட்டிவைத்த பாட்டுக்கு நூறாவது இடம்கூட ஏன் கிடைக்கவில்லை என்று நீங்கள் கேட்டுவிட்டு இடைவேளை விட்டால், அவர் எழுந்து போவாரா, பதிலுக்காக உட்கார்ந்திருப்பாரா? உங்கள் தொழிலுக்கே இது லாபம்.

எனவே என் வேண்டுகோள்களைத் தெளிவாகவே வைக்கிறேன்.

‘முதலிடம்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எந்த நாட்டில், எந்தப் பட்டியலில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘உலகம்’ என்ற சொல்லை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி ஆண்டுகளுக்கு நிகழ்ச்சி செய்யும்போது, ஹாட் 100இன் முதலிடங்களோடு வானொலிப் பட்டியலின் முதலிடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பாட்டுகளில் இரண்டையாவது போடுங்கள். ஏன் இல்லை என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்.

பாடகரின் பெயரோடு எழுதியவரின் பெயரையும் சொல்லுங்கள். ‘அன்பிரேக் மை ஹார்ட்’ எழுதிய டயேன் வாரன்தான், அதே ஆண்டு லீஆன் ரைம்ஸ் பாடி, முதலிடம் எட்டாமலே 69 வாரம் ஹாட் 100இல் நீடித்து அன்றைய சாதனையை உடைத்த ‘ஹவ் டூ ஐ லிவ்’ பாட்டையும் எழுதியவர். முதலிடத்தை மட்டுமே பார்க்கிறவருக்கு இந்தப் பாட்டு கண்ணிலேயே படாது. பழைய பாட்டின் மேல் கட்டிய புதுப் பாட்டு என்றால், முடிந்தபோது இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடுங்கள்.

வினாடி வினாக்காரர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ‘1997இன் மிகப் பெரிய ஹிட் எது?’ என்று கேட்காதீர்கள். ‘1997இல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற சிங்கிள் எது?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது, இரண்டாவதற்கு உண்டு. ‘டோன்ட் ஸ்பீக்’ என்று எழுதிய மாணவிக்கு முட்டை போடும் பாவமும் உங்களுக்கு வேண்டாம்.

இவற்றில் எதற்கும் காசு செலவில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. உங்கள் அடுத்த நிகழ்ச்சிக்குக் குறிப்பு எழுதும்போது, ‘நம்பர் ஒன்’ என்று எழுதிய இடத்திலெல்லாம் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு, எந்தக் கணக்கு என்று நிரப்பிக்கொண்டு வாருங்கள். நிரப்ப முடியாத இடத்தில் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். பாட்டை மட்டும் போடுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் நிகழ்ச்சிகளின் நெடுநாள் நேயர்